மலைக்குக் கேட்டுவிடும்

போன் அடித்ததும் பூவம்மா ஓடிவந்து மேளக்காரரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“நிறுத்துண்ணா. புள்ள போன் பண்றான்.”

மேளம் நின்றது. தெருமுனையில் சரவெடியை விரித்துக்கொண்டிருந்தவர்களும் அவள் முகத்தைப் பார்த்துத் தீப்பெட்டியை மடியில் செருகிக்கொண்டார்கள். சென்னை எம்.கே.பி. நகரில் ஒரு சாவு வீடு இப்படி வாயடைத்து நின்றதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஐஸ் பெட்டிக்குள் அவள் புருஷன் கிருஷ்ணப்பன் மாலையோடு படுத்திருந்தார். விடியற்காலையில் மார்வலி. கொள்ளி வைக்க வேண்டிய ஒரே பிள்ளை அசோகனோ இமயமலையில், மலையேற வருகிறவர்களுக்குச் சமைத்துப்போட்டுக்கொண்டிருந்தான்.

நேற்றுதான் சொன்னான், கீழே வரும் வழியெல்லாம் புதுப்பனி கொட்டிக்கிடக்கிறது, சரிந்தால் ஆளையே மூடிவிடும், அது இறுகட்டும் என்று மேலேயே காத்திருக்கிறோம் என்று.

அதைக் கேட்ட பக்கத்து வீட்டு ரமாபாய், ஒரு தும்மல் போட்டால் போதும், பனி மொத்தமும் கீழே வந்துவிடும், டிவியில் பார்த்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். பூவம்மாவுக்கு அதோடு தூக்கம் போயிற்று.

இங்கே அடிக்கிற மேளம் போன் வழியாகப் போய் அங்கே மலையைத் தள்ளிவிட்டால்? கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். பெற்றவளுக்கு வராது.

ஆனால் அவள் மேளத்துக்குக்கூட அவ்வளவு பயப்படவில்லை. அசோகன் சின்ன வயதில் அழுதால் நாலு பிளாக் கேட்கும். “நைனா” என்று அங்கே ஒரு குரல் எடுத்தானென்றால் என்ன ஆகும்?

முந்தானையால் போனை மூடிக்கொண்டு கிசுகிசுத்தாள்.

“அசோக்கு, ஒண்ணு சொல்றேன். கத்தக் கூடாது. வாயப் பொத்திக்கினு கேளு.”

சொன்னாள். சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

மூச்சுதான் கேட்டது. எதுவும் இடியவில்லை. பிள்ளை கத்தவில்லை. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“நல்ல புள்ளடா. இப்டியே அமுக்கமா இரு. சத்தம் போட்டா பனி வுழுந்துடுமாமே.”

“சத்தத்துக்கெல்லாம் வுழாதும்மா.” அவன் அழுகையை விழுங்கினான். “அடியில பழைய பனி கண்ணாடியாட்டம் கீது. புதுசு அது மேல ஒட்டாம சும்மா குந்தினு கீது. அத்த மிதிச்சாதான் வரும்.”

“அப்போ மிதிக்காதடா.”

“வேற வழி கெடையாது. நைனாவ எட்த்துடாதீங்க. நான் எறங்குறேன்.”

லைன் அறுந்தது.

திரும்ப அடித்தாள். போகவில்லை. மறுபடி அடித்தாள். சொல்லாமலே இருந்திருக்கலாம்.

“வேணாம் கண்ணு! வேணாம்!”

காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் இருக்கிறாளே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்த பெண்கள், அந்த அலறலைக் கேட்டதும் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். அவள் திமிறினாள். இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள்.

“அழுவுக்கா, நல்லா அழுவு. உள்ள வெச்சுக்காத” என்றபடி ரமாபாய், அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து போனை வாங்கி, யாரும் தொந்தரவு செய்யாதபடி ஸ்விட்ச் ஆஃப் செய்தாள்.