கிழித்த நான்கு பக்கம்

அனுராதா மேடம் ஹெப்ரானின் நோட்டைப் பிரித்தார். நடுவில் நான்கு பக்கத்தைக் காணோம். கிழித்த தடம் மட்டும் இருந்தது.

அவர் பாடம் எடுக்கும் சட்டக் கல்லூரியின் நான்காம் ஆண்டு மாணவர்கள் சனிக்கிழமைதோறும் வள்ளியூர்ப் பக்கம் இலவசச் சட்ட உதவி முகாமுக்குப் போவார்கள். வந்ததும் என்ன செய்தோம், எங்கே சறுக்கினோம், அடுத்த முறை எப்படிச் செய்வோம் என்று நோட்டில் எழுத வேண்டும். செய்த தப்பு தாளில் ஏறினால்தான் மண்டையில் ஏறும் என்பது மேடத்தின் கட்சி. நன்றாக எழுதிய நோட்டைத் திங்கள்கிழமை அவரே வகுப்பில் வாசிப்பார், பெயரை மட்டும் விட்டுவிட்டு.

நோட்டு முழுசாக இல்லையென்றால் இன்டர்னல் மார்க் கிடையாது. அது இல்லாமல் பரீட்சை எழுத முடியாது. ஹெப்ரானுக்கும் தெரியும்.

“தப்பைக் கிழிச்சுப் போட்டா இல்லன்னு ஆயிருமா?”

மேடத்துக்கு எரிச்சல் வந்துவிட்டது. சுழி போடச் சிவப்புப் பேனாவைத் திறந்த பிறகுதான் அவன் வாயைத் திறந்தான்.

“முகாமுக்கு வந்தவுக சொன்னத அப்படியே எழுதிட்டேன் மேடம். நீங்க வாசிச்சிருவீங்களோன்னு கிழிச்சேன்.”

“நான்தான் பேரச் சொல்றதில்லையே?”

“போன வாரம் எங்ககூடப் படிக்கிற முத்துராணி நோட்டை வாசிச்சீங்க. அவ எழுதுன அக்கா பேரு சொல்லல. ஆனா இட்லிக்கடை, மூணு பொம்பளப் பிள்ளைக, மாமியாருக்குத் தெரியாம ஜீவனாம்சம் கேட்டு வந்தாக, அம்புட்டும் வாசிச்சீங்க. அந்தத் தெருப் பையன் நம்ம வகுப்புல இருக்கான். விஷயம் மாமியார் காதுக்குப் போயிட்டு. கடை பூட்டிக் கெடக்கு. அந்த அக்கா இந்த வாரம் முகாமுக்கு வரல.”

மேடம் பேனாவை மூடிவிட்டார். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று மெதுவாகக் கேட்டார்.

“முத்துராணிக்குத் தெரிஞ்சா அழுவா. உங்களுக்கும் சங்கடமா இருக்கும்லா.”

அன்று சாயங்காலமே மேடம் வள்ளியூர் பஸ் ஏறினார். பூட்டிய கடைக்குப் பின்னால்தான் அந்தப் பெண்ணின் வீடு. அவள் கதவைத் திறக்கவே இல்லை.

அடுத்த திங்கள்கிழமை வகுப்பில் மேடம் பிள்ளைகளின் நோட்டு எதையும் தொடவில்லை. கையில் புது நோட்டு ஒன்று இருந்தது. பன்னிரண்டு வருஷமாகப் பிறரை எழுதச் சொன்னவர், தாம் எழுதிய முதல் பக்கத்தை வாசித்தார்.

“எங்கே சறுக்கினேன்: என்னை நம்பாமல் ஒரு மாணவன் நோட்டைக் கிழித்தான். அவன் செய்ததுதான் சரி.”