நாற்பது டிகிரிச் சுருள்

உருக்காலை மருத்துவ அறையில் மகுடபதி வலது கையை நீட்டினார். உள்ளங்கைத் தோல் கழன்று தொங்கியது. செவிலி ஜெசிந்தா திரையைப் பார்த்துவிட்டு, "நீங்க தொட்டது வெறும் நாப்பது டிகிரியாம், காயமே இல்லைன்னு வருதுங்கண்ணா, அதனால மருந்து அலமாரி திறக்க மாட்டேங்குது" என்றாள்.

சூட்டோடு தகடாக உருட்டிச் சுருட்டிய எஃகு, உள்ளமைப்பில் எப்போது உருமாறி முடிக்கும், எப்போது ஆறும் என்பதை ஆலையில் கணினி மாடல்தான் சொல்லும். மகுடபதி தொட்ட சுருள் உருமாறி முடித்து, நாற்பது டிகிரிக்கு இறங்கிவிட்டதாம். சுருளுக்கு மட்டும் தகவல் வரவில்லை. அது இன்னும் உருமாறிக்கொண்டு சூட்டைக் கக்கிக்கொண்டிருந்தது.

மகுடபதி கட்டுப் போடாத கையோடு போய் மேலாளர் திருவேங்கடத்தைச் சுருளுக்குப் பக்கத்தில் கூட்டிவந்தார்.

"நாப்பதுதானுங்களே சார்? ஒருக்கா தொட்டுப் பாருங்க."

"நான் தொட்டா, மாடலை நம்பலைன்னு ஆயிடும்யா."

"அப்ப நம்பியே தொடுங்க!" மகுடபதி இடது கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துச் சுருளை நோக்கி இழுத்தார்.

"தெர்மாமீட்டர்! யாராவது தெர்மாமீட்டர் கொண்டாங்கடா!" என்று மேலாளர் அலறினார்.

யாரும் அசையவில்லை. மாடலைச் சந்தேகிக்கும் கருவி என்று சொல்லி, ஆலையில் இருந்த அத்தனை தெர்மாமீட்டரையும் போன வருடம் உலையில் போடச் சொன்னவர் அவர்தான்.