ஒரு கண் பாக்கி

“ஒரு கண்! ஒரே ஒரு கண்! அதைப் போட மூணு வாரமாங்க?”

ருக்மணி போட்ட சத்தம் காஜா பெராங் தெருமுனை வரைக்கும் போயிருக்கும். கணேசமூர்த்தி பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்ததையே எடுத்து மறுபடி துடைத்தார்.

கூடத்து நடுவே, படத்தில் சுல்தான் நின்றது. தோட்டத்துத் துரையின் பந்தயக் குதிரை. செவலை உடம்பு மினுமினுக்க, பிடரி பறக்க, விட்டால் வாசலைத் தாண்டி ஓடிவிடும். பக்கவாட்டுப் படம் என்பதால் கண் ஒன்றுதான். அந்த இடம் மட்டும் வெள்ளையாகக் கிடந்தது.

மெர்டேக்காவுக்கு, சுதந்திர நாளுக்கு, இன்னும் ஒன்பதே நாள். துரை தோட்டத்தை விட்டுச் சீமைக்கே திரும்புகிறார். படமும் கூடப் போகிறது. கணேசமூர்த்தி எத்தனையோ துரைமார் குதிரைகளை வரைந்திருக்கிறார், ஆனால் கப்பலேறும் முதல் படம் இதுதான். ருக்மணி அதைத் தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லியாகிவிட்டது. பெட்டி அடிக்கிற சீன ஆசாரிகூட இரண்டு தடவை வந்து அளவெடுத்துப் போய்விட்டார்.

“கண் திறக்க நாள் பார்க்கணும் ருக்கு.”

“போன வாரம் அஷ்டமி, நவமி. முந்தாநாள் கரிநாள். நேற்று உங்களுக்குத் தும்மல். இது என்ன சாமி வாகனமா? புல் தின்கிற குதிரைங்க!”

“கோயில் வாகனத்துக்கு வர்ணம் அடிச்ச கை. கண்ணைக் கடைசியிலதான் திறக்கும்.”

“கடைசின்னா எப்போ? அடுத்த மெர்டேக்காவுக்கா?”

வாசலில் கார் வந்து நின்றது. துரையே வந்துவிட்டார்!

கணேசமூர்த்தி சட்டென்று அடுப்படிப் பக்கம் நழுவினார். ருக்மணி தன் கான்வென்ட் இங்கிலீஷில் வரவேற்றாள். துரைக்கோ, தோட்டத்தில் கற்ற தமிழைப் பேசுவதில்தான் இஷ்டம்.

“கண்ணு மட்டும் பாக்கி” என்றார் படத்தைப் பார்த்து. “நாளைக்கு முடிச்சிடலாமா?”

“தாராளமா முடிச்சிடலாம் துரை! நானாச்சு!”

துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். நன்றிகூடச் சொல்லாமல் போய்விட்டார்.

கார் கிளம்பியதும் கணேசமூர்த்தி எட்டிப் பார்த்தார். “என்ன சொன்னே?”

“நாளைக்கு முடிச்சிடலாம்னு சொன்னேன்.”

“ஐயையோ!”

“என்ன ஐயையோ? உங்களால ஆகலைன்னா நான் போடுறேன். சிஸ்டர் எனக்கும் படம் போடக் கத்துக்கொடுத்திருக்காங்க. ஒரு கறுப்புப் பொட்டு, மேலே ஒரு வெள்ளைப் பொட்டு. ஆச்சு!”

சொன்னதோடு நிற்கவில்லை. பிரஷ்ஷைப் பிடுங்கிக் கறுப்பில் தோய்த்தேவிட்டாள். கணேசமூர்த்தி பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். இருபது வருஷத்தில் அவளிடம் ஒரு வார்த்தை அதட்டிப் பேசாத மனுஷன்.

“வைக்காதே!”

“விடுங்க கையை!”

வெளியே ஒரு சைக்கிள் தடாலென்று விழுந்தது. சுல்தானைப் பார்த்துக்கொள்ளும் குதிரைக்காரன் மருதமுத்து மூச்சிரைக்க உள்ளே ஓடி வந்தான்.

“அண்ணே! திறங்கண்ணே, கண்ணைத் திறங்க! ஜெய்னுலாப்தீன் ராவுத்தர் கிளேபாங்கில இருக்கிற தன் தோப்புல சுல்தானை வெச்சுக்கிறேன்னுட்டாரு! சும்மா மேஞ்சுக்கிட்டுக் கிடக்கட்டும்னாரு. இப்பத்தான் தெருமுனையில துரை காரை மறிச்சுக் கேட்டேன். சரின்னு தலையாட்டிட்டாரு!”

கணேசமூர்த்தி அவள் கையிலிருந்த பிரஷ்ஷை வாங்கினார். நாளும் பார்க்கவில்லை, நேரமும் பார்க்கவில்லை. நாலே தீற்று. சுல்தான் முழித்துப் பார்த்தது.

“அட, இப்போ ராகு காலம்ங்க!” ருக்மணிக்குத் தாங்கவில்லை. “மூணு வாரமா ஒரு நாளும் ஆகாதவருக்கு இது மட்டும் ஆகுமா?”

மருதமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான்.

“உங்க வாய்க்குப் பயந்துதான் அண்ணன் உங்ககிட்ட சொல்லலை அண்ணி. துரை, ‘நான் சீமைக்குப் போனப்புறம் கண்டவனும் இதை வண்டியில பூட்டி அடிப்பான், அதுக்குச் சுட்டுடறதே மேல்’னு, படம் முடியற அன்னைக்கே சுல்தானையும் முடிச்சிடத் துப்பாக்கியை எடுத்து வெச்சிருந்தாரு.”

‘தாராளமா’ என்று சொன்ன வாயை ருக்மணி இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.