ஆளுக்குப் பாதி

வேப்பமரத்து எறும்புப் புற்று பள்ளத்தில் இருந்தது, புளியமரத்துப் புற்று மேட்டில். நடுவே அடர்ந்த புல். மழை வந்தால் பள்ளத்தில் தண்ணீர் நிறைந்துவிடும்; அதற்கு முன்னால் மேட்டுக்குப் பொதுப்பாதை போட்டாக வேண்டும். ஆளுக்குப் பாதி என்று இரண்டு சபையும் ஒத்துக்கொண்டன. பாதி எங்கே முடிகிறது என்பதில்தான் தகராறு. வேப்பமரத்துத் தலைவி கருப்பாயி தினமும் நூறு பேரை அளக்க அனுப்பினாள். புளியமரத்தாரும் அனுப்பினார்கள். அளவு ஒருநாளும் ஒத்துப்போகவில்லை.

ஒருநாள் தூறல் விழுந்தது. கருப்பாயி, "முட்டைகளைத் தூக்குங்கடி!" என்று கத்திக்கொண்டே வெளியே ஓடினாள்.

புல்லைக் காணோம். அளக்கப் போனவர்கள் நடந்து நடந்தே மேடுவரை வழவழவென்று ஒரு பாதை விழுந்திருந்தது.

முட்டைகள் மேடேறியதும் புளியமரத்துத் தலைவி செல்லி கேட்டாள்: "இதில் எங்கள் பாதி எது, அக்கா?"

கருப்பாயிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "கூட்டம் போட்டுப் பேசுவோம், தங்கச்சி. உங்கள் புற்றுக்குள்ளேயே!"