வேலியில் ஒரு சல்லடை

பெஞ்சமின் மோட்டாரை நிறுத்தினான். சுற்றிக்கொண்டிருந்த தூண் மெல்ல அடங்கி நின்றது.

நான் வேலி ஓட்டையில் வலது கண்ணை இன்னும் கொஞ்சம் நெருக்கி வைத்தேன்.

அந்த ஓட்டை எங்கள் ஆடு போட்டது. ஆட்டுக்குக் கழுத்து அவ்வளவு நீளமா என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. பனையோலை வேலியில் ஒரு கண் அளவுக்குத்தான் இடம். இன்னொரு கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் சிரமம்.

அந்தப் பக்கம் கடைசல் பட்டறை. கொழும்பில் வேலை பார்த்துவிட்டுத் தலைமன்னார் கப்பலில் வந்திறங்கிய பெஞ்சமின், தெருவுக்குக் கரண்டு வந்த கையோடு கடைசல் மெஷினுக்கு மோட்டார் வைத்தான். கூடவே ஒரு கொழும்புப் பழக்கமும் வந்தது. மெஷின் முன்னால் நின்றால் முகத்தை மூடிக்கொள்வான்.

பெண்டாட்டி ஜோதிமேரியின் மாவுச் சல்லடை அதற்குப் பலியானது. கம்பி வலையை வளைத்து, ஓரத்துக்குத் துணி சுற்றி, பின்மண்டையில் கயிறு போட்டுக் கட்டிக்கொள்வான். கொழும்பில் பக்கத்து மெஷின்காரனுக்கு மரம் தெறித்துத் தாடை பிளந்ததைப் பார்த்தவனாம். அப்படித்தான் சொல்லிக்கொண்டான்.

தெருவில் அவனுக்குச் சல்லடைத் துரை என்று பெயர். நான் வைத்ததுதான். பொத்திப் பாதுகாக்கிற அளவுக்கு அது என்ன முகம் என்றும் கேட்டிருக்கிறேன், அவன் காதுபடவே.

முந்தின வாரம் ஜோதிமேரி வந்து, மதினி, அந்த ஓட்டையை அடைத்துவிடுங்கள் என்றாள். எனக்குச் சுருக்கென்றது. உங்கள் வீட்டில் எட்டிப் பார்க்க என்ன கொட்டிக் கிடக்கிறது, நான் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை என்று சொல்லி அனுப்பினேன். கிணற்றடியிலும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

அன்றைக்குக் கடைசித் தூண். மறுநாள் கோயிலில் கொடியேற்றம். சப்பரத்துக்கு மூன்று தூண் கடைந்தாகிவிட்டது. நாலாவதுக்கு வந்த மரம், கடலில் உடைந்துபோன ஒரு வள்ளத்தின் பாய்மரம். உயிரோடு கரை சேர்ந்தவனின் பெண்டாட்டி நேர்ந்துகொண்டு கொண்டுவந்து போட்டாள். உப்புத்தண்ணீரில் அடிபட்ட மரம், உள்ளே எப்படி இருக்குமோ என்று பெஞ்சமின் தயங்கினான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

இப்போது குனிந்து, தூணில் தன் பக்கத்தைச் சல்லடை வழியாகவே பார்த்தான். உள்ளங்கையால் நீவினான். தலையை ஆட்டிக்கொண்டான்.

என் பக்கம் கறுப்பாக ஒரு கோடு இருந்தது.

மயிரிழை மாதிரி. அடியில் தொடங்கி நடு வரைக்கும் ஓடியது. காலையில் அது இல்லை. காலையிலும் பார்த்தேன்.

திருப்பிப் பார்ப்பான் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. மோட்டாரைப் போட்டுவிட்டான்.

தூண் சுற்றியதும் கோடு மறைந்துவிட்டது. அவன் உளியை வைத்தான். சீவல் பறந்து சல்லடையில் பட்டுப் பட்டு விழுந்தது.

சத்தம் மாறியிருந்தது. இரைச்சலுக்கு நடுவில், பல்லி சொல்வது போல ஒரு டிக் டிக்.

அவன் முகம் தூணுக்கு ஒரு முழத்தில் இருந்தது. மாவுச் சல்லடை சீவலைத் தடுக்கும். பாளமாகப் பெயர்ந்து வந்தால் என்னத்தைத் தடுக்கும்?

குரல் கொடுக்கலாம். கொடுத்தால் நான் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்துவிடும். வாசலில் ஜோதிமேரி வேறு உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நாளைக்குக் கிணற்றடியில் என் பேச்சாகத்தான் இருக்கும்.

டிக். டிக். டிக்.

அவன் உளியை இன்னும் அழுத்தினான்.

"ஏலே பெஞ்சமினு, மரம் வெடிச்சிருக்கு, தள்ளி நில்லுலே!"

என் தொண்டையைப் பற்றி ஊருக்கே தெரியும். பாலத்தில் ரயில் போகும்போதுகூட நான் கூப்பிட்டால் அக்கரையில் திரும்பிப் பார்ப்பார்கள் என்று கேலி பேசுவார்கள். மோட்டார் எம்மாத்திரம்? அவன் சட்டென்று பக்கவாட்டில் விலகினான்.

தூண் இரண்டாகப் பிளந்தது. பெரிய பாளம் அவன் முகம் இருந்த இடத்தைத் தாண்டிப் போய்ச் சுவரில் இடித்தது.

ஒரு சிராய் மட்டும் வேலிப் பக்கம் வந்தது.

பெஞ்சமினுக்கு ஒரு கீறல்கூட இல்லையாம். ஜோதிமேரி முறத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து, சல்லடையைத் தூக்கி, அவன் முகத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தாளாம். பிறகுதான் இருவரும் வேலிப் பக்கம் திரும்பினார்களாம்.

எல்லாம் அவள் சொல்லித்தான் தெரியும். எங்கள் தெருவில் நடந்த ஒன்றை நான் அடுத்தவள் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டது அது ஒரு தடவைதான்.

சப்பரம் கடைந்த தூண் மூன்றோடும் சவுக்குக் கம்பு ஒன்றோடும் சுற்றி வந்ததாம். அதையும் நான் பார்க்கவில்லை. திருவிழா முடிந்து கொடி இறக்கிய பிறகுதான் மதுரைக் கண் ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்து என்னை அனுப்பினார்கள்.

வந்ததும் வேலிக்குத்தான் போனேன். புது ஓலை வைத்து அடைத்திருப்பான் என்று நினைத்தேன்.

அடைக்கவில்லை. தன் முகத்தில் கட்டிக்கொள்கிற சல்லடையை ஓட்டைக்கு நேராக வைத்து, நாலு பக்கமும் இறுக்கிக் கட்டியிருந்தான். தனக்கு ஜோதிமேரியின் அரிசிச் சல்லடையை எடுத்துக்கொண்டானாம்.

அவனுக்கு என்னைத் தெரியும்.

கம்பி வழியாகப் பார்த்தால் கொஞ்சம் மங்கல்தான். ஆனால், ஒரு கண்ணை மூடிக்கொள்ள வேண்டிய சிரமம் இப்போது இல்லை.