தொண்ணூறு கிலோவுக்கு மேல்

பொடி கஞ்சியில் கரைந்துவிட்டதா என்று நிக்கோல் டம்ளரைச் சாய்த்துப் பார்த்தாள். கரைந்துதான் இருந்தது. இருந்தாலும் கரண்டியை விட்டு இன்னும் நாலு சுற்றுச் சுற்றினாள்.

முன்னறையில் அவர்கள் பேட்டை நீலசந்திராவே பாதி கூடியிருந்தது. நாளைக்கு ஹெவிவெயிட் குத்துச்சண்டை இறுதிப் போட்டி. அவள் புருஷன் டென்சிலும் சந்தாபுரா ராகேஷும் இரண்டாம் முறையாக மோதுகிறார்கள். ஆளுக்கொரு ஆரூடம்.

"ரெண்டாவது ரவுண்டுல ராகேஷ் மல்லாந்துருவான், எழுதி வெச்சுக்கோ மச்சா!"

"அவன் லெஃப்ட் ஹேண்ட மறந்துட்டியா குரு? மூணு ரவுண்டும் போவும். பாயிண்ட்டுல டென்சில் அடிச்சுருவான், பாரு."

நிக்கோலுக்கும் ஓர் ஆரூடம் தெரியும். அதைச் சொன்னவர் டாக்டர். போன வருஷப் போட்டியில் டென்சில் ராகேஷின் தாடையை உடைத்தும் தோற்றுப்போனான்; வீட்டுக்கு வந்தவன் செருப்பைக் கழற்றும்போதே சுருண்டு விழுந்தான். "தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கும்மா. இன்னொரு அடி விழுந்தா ஆள் தேற மாட்டார்" என்றார் டாக்டர்.

வெளியே தெரிந்தால் மேடையேறவே விட மாட்டார்கள். அதனால் டென்சில் கறாராகச் சொல்லிவிட்டான். "கோச்சுகிட்ட வாயத் தொறந்தியோ, நீ யாரோ நான் யாரோ. இது ஒண்ணுதான் நிக்கி. பாப்பா மேல சத்தியமா, இதோட கிளவ்ஸ கழட்டிர்றேன்."

ஒன்றுதானாம்! அந்த ஒன்றிலேயே போய்ச் சேர்ந்துவிட்டால்?

டம்ளரை வாங்கி ஒரு மடக்குக் குடித்த டென்சில் முகத்தைச் சுளித்தான். "என்னடி இப்டி கசக்குது?"

"வெந்தயம் போட்டிருக்கேங்க. ஒடம்புக்கு நல்லது. கண்ண மூடிட்டுக் குடிங்க."

பாவி மனுஷன், அவளை நம்பி அப்படியே குடித்து வைத்தான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஸ்டேடியத்தில் எடை பார்த்தார்கள். மற்ற பிரிவு ஆட்களெல்லாம் எடை கூடிவிடக் கூடாதே என்று எச்சிலைக்கூட விழுங்காமல் நின்றார்கள். ஹெவிவெயிட்டுக்கு அந்தப் பாடு கிடையாது. தொண்ணூறு கிலோவுக்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம், குறையத்தான் கூடாது. அதனாலேயே இந்தத் தடியர்கள் முன்கூட்டி எடை பார்த்துக்கொள்வதுமில்லை. எடை மேடையில் ஏறுவது ஒரே தடவை, அதில் காட்டுவதே முடிவு.

டென்சிலின் கண்கள் குழி விழுந்து கிடந்தன. விடிவதற்குள் ஏழு தடவை போய்வந்திருந்தான். வெளியே சொன்னால், பயத்தில் வயிறு கலங்கிவிட்டதென்று ஊரே சிரிக்குமே! கோச் ஆம்ப்ரோஸிடம்கூட மூச்சு விடவில்லை.

"மூஞ்சி ஏன்டா செத்துக் கெடக்கு?"

"சரியா தூங்கல கோச்."

கழிப்பறைப் பக்கமிருந்து ராகேஷ் ஈரக் கையை உதறிக்கொண்டே வந்தான். கதவை அடைக்கிற உடம்பு. அவன் முஷ்டியைப் பார்த்ததும் நிக்கோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் பின்னாலேயே அவன் மனைவி பார்கவி, யார் முகத்தையும் பார்க்காமல் வந்து சுவரோரம் நின்றாள்.

முதலில் ராகேஷ் ஏறினான். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி குனிந்து பார்த்தார்.

"எண்பத்தொன்பது கிலோ இருநூறு. எடை பத்தாது. நீங்க போட்டியில இல்ல."

கூடமே கொதித்தது. ராகேஷ் மெஷினை எட்டி உதைக்கப் போனான். நாலு பேர் இழுத்துப் பிடித்தார்கள். ஆம்ப்ரோஸ் ஓடிவந்து டென்சிலைக் கட்டிக்கொண்டார். "டேய், ஒரு குத்துகூட வாங்காம ஜெயிச்சுட்டடா! ஏறி நின்னுட்டு எறங்கு, போதும். நீதான்டா சாம்பியன்!"

நிக்கோலின் காதில் அது விழுந்தது. ஐயோ கர்த்தரே, ஒரு குத்துகூட வாங்காமலா? கையிலிருந்த தண்ணீர் பாட்டிலோடு கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

"ஏங்க! தண்ணி குடிச்சிட்டு ஏறுங்க! இத முழுசா குடிச்சிட்டு ஏறுங்க!"

"எறங்கி வந்து குடிக்கிறேன்டி" என்று சிரித்தபடியே டென்சில் ஏறிவிட்டான்.

"எண்பத்தொன்பது கிலோ எழுநூறு" என்றார் அதிகாரி. "இந்த வருஷம் ஹெவிவெயிட்டுல யாரும் சாம்பியன் கெடையாது."

டென்சில் இறங்கி, அங்கேயே தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். பதினோரு வருஷத்தில் அவன் அழுது அவள் பார்த்ததில்லை. பார்க்க முடியாமல் வராந்தாவுக்கு ஓடிவந்து, குழாயடியில் சாய்ந்து நின்று தேம்பினாள். உயிர் மிஞ்சிவிட்டது, சரி. ஆனால் சும்மா கிடைக்க இருந்ததை அவளே அல்லவா தட்டிவிட்டாள்?

யாரோ தோளைத் தொட்டார்கள். பார்கவி.

"அழாதீங்கக்கா."

எதிராளியின் பெண்டாட்டியிடம் சொல்லலாமா கூடாதா என்றெல்லாம் யோசிக்க நிக்கோலுக்குத் தெம்பில்லை. "அவருக்கு ஒண்ணும் ஆயிறக் கூடாதேன்னுதாம்மா செஞ்சேன். நேத்துக் கஞ்சியில பேதி மருந்து கலந்து குடுத்துட்டேன். அவரு எப்பவுமே தொண்ணூறுக்குக் கொஞ்சம் மேலதான், எடை கொறஞ்சா சண்டை நின்னுரும்ல... நானே கெடுத்துட்டேம்மா!"

பார்கவி திரும்பி வராந்தாவை ஒரு நோட்டம் விட்டாள். யாருமில்லை. நிக்கோலின் கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"நானுந்தாங்க்கா."