பீரோவுக்குப் பின்னால்

தெருவே கரண்டுக்குத் தவம் கிடந்தது. அவளுக்கு மட்டும் அது வரவே கூடாது என்று இருந்தது.

வந்தால் வயர்மேன் கிளம்பிவிடுவாரே!

வெள்ளம் வடிந்து, சேற்றை வழித்து, தரையைக் கழுவியாகிவிட்டது. தெருக்காரர்கள் கூட்டி வந்த வயர்மேன், எல்லா வீட்டையும் முடித்துவிட்டுக் கடைசியாக இங்கே வந்தார். வாசலிலேயே நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டார்.

மெயின் அணைந்திருக்கிறதா என்று முதலில் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த ப்ளக் பாயிண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். உள்ளேயிருந்து சேற்றுத் தண்ணீர் வடிந்தது. துடைத்தார், ஊதினார், துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவள் எட்டிப் பார்த்தாள்.

"எங்க வீட்டை அரை மணி நேரத்துல முடிச்சாரு. இங்க என்ன, அரண்மனையா கட்டுறாரு?"

இவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு டீ போடப் போனாள். சர்க்கரை எவ்வளவு என்று கேட்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லாமல் குடித்தார்.

ஒரு பாயிண்ட் பாக்கி இருந்தது, பீரோவுக்குப் பின்னால்.

சொன்னால் இன்னும் கொஞ்ச நேரம் இருப்பார். ஆனால் இருக்கச் சொல்லிக் கெஞ்சுவது போல ஆகிவிடாதா? வாயை இறுக மூடிக்கொண்டாள்.

அவர் எழுந்து மெயின் பக்கம் போனார். அந்த ஈரப் பாயிண்டோடு மெயினைப் போட்டுவிட்டால்? வீம்பாவது மண்ணாவது!

"பீரோவுக்குப் பின்னாடி ஒண்ணு..."

அவர் மெயினைப் போடவில்லை. யாரும் போட்டுவிடாதபடி அதன்மேல் டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"தெரியும். அது காயட்டும், நாளைக்கு வந்து பாக்கறேன். அதுவரைக்கும் மெயின்ல கை வைக்காதே."

தெரியாமல் எப்படி? கல்யாணமான புதிதில், அவளுடைய தையல் மெஷினுக்காக அந்தப் பாயிண்டை வைத்துக் கொடுத்தவரே அவர்தான். சண்டை போட்டுக்கொண்டு அவர் இந்த வீட்டை விட்டுப் போனபோது, கண்ணில் படக் கூடாதென்று அவள் பீரோவை அங்கே நகர்த்தினாள்.

இன்றைக்கே பார்த்திருக்கலாம். பீரோ காலி, ஒரு கையால் தள்ளினாலே நகரும். அதிலிருந்த துணியெல்லாம் அவர் தலைக்கு மேலேதான் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

அதை மட்டும் அவள் சொல்லவில்லை.